ஆறு மணிக் கலங்கல்

ஒன்பதாம் நாள் காலை எட்டு மணிப் புள்ளியை வைத்துவிட்டு, கீழே உருண்டு போன ரப்பரை எடுக்க அவள் நாலடி பின்னால் போனாள். நிமிர்ந்தபோது சுவரில் ஒரு ரம்பம் தெரிந்தது.

அதுவரை அது ரம்பமாக இல்லை. மூக்கு தாளில் இடிக்கும் தூரத்தில் நின்று புள்ளி வைப்பது அவள் பழக்கம். அந்தத் தூரத்தில் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு புள்ளி, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. பகலில் அவளே அளந்து வைப்பாள். இரவு ஷிப்ட் குறித்து வைத்ததை விடிந்ததும் வந்து சேர்ப்பாள். ஒரு நாளுக்கு ஒரு தாள் என்று ஒட்டிக்கொண்டே போனதில் வரிசை ஜன்னலைத் தாண்டி அடுத்த சுவருக்குத் திரும்பியிருந்தது.

ஆய்வுக்கூடம் என்று பெயர் பெரிது. இடம் ஒரு சரக்குக் கன்டெய்னர். ஒரு பக்கம் ஜன்னல் வெட்டி, ஒரு மேசை, ஒரு குழாய், இரண்டு அலமாரி வைத்துக் கொடுத்திருந்தார்கள். அங்கே எல்லாரும் அவளைக் கெமிஸ்ட் என்றார்கள். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். பேசிய வார்த்தைகளை எண்ணினால் ஏழு பக்கம் தேறாது.

சுவரில் இருந்த புள்ளிகள் சொன்னது ஒரே விஷயம்: சுத்திகரித்து வெளியே வரும் தண்ணீரில் எவ்வளவு கலங்கல் மிச்சம் இருக்கிறது. பத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. இப்போது இருந்தது நாற்பத்தொன்று.

அவள் ரப்பரை மறந்துவிட்டு ரம்பத்தின் பல்லை எண்ணினாள். ஒவ்வொரு நாளும் ஒரு பல். இரவில் கோடு மெல்லச் சரிகிறது. விடியும்போது இருபதைத் தொடுகிறது. காலை ஆறு மணி தாண்டியதும் செங்குத்தாக ஏறி நாற்பதில் போய் உட்கார்கிறது. மறுபடி நாள் முழுக்கச் சரிவு. மறுபடி ஆறு மணிக்கு ஏற்றம். நாலாம் நாளில் மட்டும் பல் இல்லை. அன்று கோடு சரிந்துகொண்டே போய், மறுநாள் விடியும்போது பன்னிரண்டைத் தொட்டிருந்தது. ஒன்பது நாளில் அதுதான் மிகக் குறைந்த எண்.

ஆறு மணிக்கு என்ன நடக்கிறது? ஷிப்ட் மாறுகிறது. டீ வருகிறது. இன்ஜினியர் வந்து வரிசையாக ஏழு தும்மல் போடுகிறார். கண்ணாடி அண்ணன் டேங்கைக் கழுவுகிறார்.

அவள் பதிவேட்டை இழுத்து நாலாம் நாள் பக்கத்தைத் திருப்பினாள். கண்ணாடி அண்ணனின் குண்டு குண்டான எழுத்தில் ஒரு வரி இருந்தது: "கழுவும் ஹோஸ் கிழிந்துவிட்டது. இன்று டேங்க் கழுவவில்லை. வருந்துகிறேன்."

கழுவாத நாளில்தான் தண்ணீர் தெளிந்திருக்கிறது.

அந்த இடத்தின் கதை சின்னது. சுரங்கத்தை மூடிப் பதினொரு வருஷம் ஆகிறது. தோண்டிய காலத்தில் நிலத்தடித் தண்ணீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். மூடியதும் பம்பைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மனிதர்கள் போனால் தண்ணீருமா போய்விடும்? அது பாதைகளிலெல்லாம் நிறைந்து, பாறையில் இருந்த இரும்பையும் துத்தநாகத்தையும் கரைத்துக்கொண்டு, காடி மாதிரி புளித்து, நாளுக்கு ஒரு சாண் என்று மேலே வந்துகொண்டிருந்தது. இன்னும் ஏழு மீட்டர் ஏறினால் கீழ்த்தெருக் கிணறுகளின் ஊற்றுமட்டம். மறுபடி இறைக்காவிட்டால் முப்பது நாள் கணக்கு. மழை முந்திக்கொண்டால் அதுவும் இல்லை.

நிரந்தரமான சுத்திகரிப்பு நிலையம் கட்ட ஒன்றரை வருஷம் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க இந்தத் தற்காலிக ஏற்பாடு: சுரங்கத் தண்ணீரை இறைக்க இரண்டு பம்ப், ஒரு சுண்ணாம்பு டிரம், இரண்டு ஆள் உயர வட்ட டேங்க் ஒன்று, மணல் பில்டர் நாலு. புளித்த தண்ணீரில் சுண்ணாம்புப் பாலைக் கலந்தால் இரும்பும் துத்தநாகமும் பஞ்சு பஞ்சாகத் திரளும். டேங்கில் பஞ்சு அடியில் தங்கும். மேலே தெளிந்த தண்ணீர் மணலில் வடிந்து வெளியே போகும். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. டேங்கில் பஞ்சு தங்கவில்லை. மிதந்து போய் மணலை அடைத்தது. ஒரு பம்பை ஓட்டுவதற்கே இந்தப் பாடு. ஒரு பம்ப் ஓடினால் நிலத்தடி மட்டம் ஏறாமல் நிற்கும், அவ்வளவுதான். இறங்க வேண்டும் என்றால் இரண்டும் ஓட வேண்டும்.

சோதனைக்குப் பத்து நாள் கொடுத்திருந்தார்கள். பத்தாம் நாள், அதாவது நாளைக் காலை, ஆய்வு அதிகாரி வருவார். எட்டிலிருந்து இரண்டு வரை ஆறு மணி நேரம் இரண்டு பம்பும் ஓட வேண்டும். ஒரு தடவைகூடக் கலங்கல் பத்தைத் தொடக் கூடாது. தேறினால் தண்ணீரை ஓடையில் விட அனுமதி. தேறாவிட்டால் பம்பை நிறுத்த வேண்டியதுதான். இதுவரை இறைத்ததைத் தேக்கிய பிளாஸ்டிக் குட்டை விளிம்பு வரை வந்துவிட்டது. இனிமேல் கொட்ட இடமில்லை.

கீழ்த்தெருவில் நாற்பது வீடு. மூன்றாவது வீடு அவள் அக்கா வீடு. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் அங்கேதான் இருக்கிறாள், அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள்.

ஊகம் போதாது. பார்க்க வேண்டும். அவள் ஒரு லிட்டர் அளவுக்குழாய்கள் இரண்டை எடுத்தாள். காலையில் கழுவித் தள்ளிய சேற்றிலிருந்து ஒரு கிண்ணம் அள்ளி வந்தாள். ஒரு குழாயில் சுரங்கத் தண்ணீரும் சுண்ணாம்பும். இன்னொன்றில் சேற்றையும் சுண்ணாம்பையும் முதலில் குழைத்து, பிறகு சுரங்கத் தண்ணீர். இரண்டையும் ஒரே அளவு கலக்கி வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

முதல் குழாயில் பஞ்சு எங்கே போவது என்று தெரியாத கூட்டம் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டாவதில் ஒரு திரை இறங்கியது. மேலே ஒரு விரல் அளவு தெளிவு. பிறகு இரண்டு விரல். பிறகு நாலு. ஆறாவது நிமிடத்தில் பாதிக் குழாய் தெளிந்து, அதன் வழியாக எதிர்ச் சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளைப் படிக்க முடிந்தது.

பழைய சேறு புதுப் பஞ்சுக்கு எடை கொடுக்கிறது. ஒட்டிக்கொள்ள ஓர் இடம் கொடுக்கிறது. தினமும் ஆறு மணிக்கு அந்த இடத்தைத்தான் துடைத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். மூன்று தடவை செய்து பார்த்தாள். மூன்று தடவையும் திரை இறங்கியது. மூன்றாவது தடவை அவள் கன்டெய்னருக்குள் தனியாகச் சிரித்தாள், பிறகு யாராவது பார்த்தார்களா என்று ஜன்னலைப் பார்த்தாள்.

ஜன்னலுக்கு வெளியே, டேங்க் மேல் நடைபாதையில், கண்ணாடி அண்ணன் கைப்பிடிக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பு போய்விட்டது.

கண்ணாடி அண்ணன் கண்ணாடி போட்டவர் இல்லை. அவர் கழுவிய டேங்கில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று யாரோ சொன்னதில் வந்த பெயர். இருபத்திரண்டு வருஷம் ஒரு நகரத்துக்குக் குடிதண்ணீர் கொடுத்த நிலையத்தில் இருந்தவர். அங்கே டேங்கில் சேறு தங்குவது என்றால் நாற்றம், புழு, ஊர் முழுக்க வாந்திபேதி. இங்கே வந்தும் முதல் நாளே டேங்க் கழுவும் பம்ப் எங்கே என்றுதான் கேட்டார். அவர் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: கை சுத்தம் பாதி, தொட்டி சுத்தம் மீதி. அது பழமொழியே இல்லை, அவரே கட்டியது என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்டவரிடம் போய் உங்கள் சுத்தம்தான் தப்பு என்று எப்படிச் சொல்வது?

அவள் சொல்லவில்லை. இரண்டு குழாயையும் கையில் எடுத்துக்கொண்டு இரும்புப் படியில் ஏறினாள். புதிதாகக் கலக்கி அவர் கையில் ஒன்று, தன் கையில் ஒன்று.

"அண்ணே, ரெண்டையும் கொஞ்சம் பார்த்துட்டே இருங்க."

"எதுக்கு கெமிஸ்ட்டம்மா, ரேஸா? நான் எது மேல கட்டணும்?"

அவர் கிண்டல் செய்துகொண்டேதான் பார்த்தார். திரை இறங்க ஆரம்பித்ததும் கிண்டல் நின்றது. தண்ணீர் தெளிவதை இருபத்திரண்டு வருஷம் பார்த்த கண். குழாயை வெயிலுக்கு எதிரே தூக்கி, சாய்த்து, மறுபடி நேராக்கினார்.

"உங்க கையில இருக்கறதுல என்ன போட்டீங்க?"

"சேறு."

"எந்தச் சேறு?"

கீழே, வரிசையாகப் படுத்திருந்த பெரிய துணிப் பைகளைக் கையால் காட்டினாள். டேங்கிலிருந்து கழுவித் தள்ளும் சேறு அந்தப் பைகளுக்குள்தான் போய் உலரும். கரையில் ஒதுங்கிய திமிங்கிலங்கள் மாதிரி எட்டுப் பை கிடந்தன, நாலாம் நாள் தவிர நாளுக்கு ஒன்று.

அவர் முகம் சுருங்கியது. டேங்கில் ஒரு பிடி சேறு பார்த்தால் தன் பழைய மேலதிகாரி அதற்குள்ளேயே இறக்கி நிற்க வைத்திருப்பார் என்றும், படித்தவர்கள் குழாயில் எதை வேண்டுமானாலும் காட்டலாம், டேங்க் குழாய் இல்லை என்றும் சொன்னார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் படியில் இறங்கினாள். பாதிப் படியில் நின்று, "நாலாம் நாளை மட்டும் ஒரு தடவை வந்து பாருங்கண்ணே," என்றாள்.

வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அது அவர் வழக்கம். சுவரின் முன்னால் நின்று, முதல் நாளில் விரலை வைத்து ரம்பத்தின்மேல் ஏற்றி இறக்கிக்கொண்டே போனார். நாலாம் நாளில் விரல் ஏறாமல் வழுக்கிக்கொண்டே போய்ப் பன்னிரண்டில் நின்றது. அவள் பதிவேட்டைத் திறந்து வைத்தாள். தன் கையெழுத்தைத் தானே படித்தார். "வருந்துகிறேன்" என்ற இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"அப்போ ஒன்பது நாளா நான்தான் கெடுத்துட்டு இருந்தேனா?"

"யாருக்கும் தெரியலையேண்ணே. நானும் ஒன்பது நாளா பக்கத்துல நின்னே புள்ளி வெச்சுட்டு இருந்தேன். ரப்பர் கீழ விழலைன்னா இன்னிக்கும் தெரிஞ்சிருக்காது."

அவர் ஜன்னல் வழியாக டேங்கைப் பார்த்தார். இரண்டரை மணி நேரத்துக்கு முன்னால் கழுவிய டேங்க். அடித்தகடு பளபளவென்று இருக்கும். அதில் ஒரு பிடி சேறு கிடையாது. திடீரென்று அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"தெரியாம செஞ்சது போகட்டும். தெரிஞ்சப்புறம் நின்னுட்டு இருந்தா அதுதான் தப்பு. காலையில தள்ளின பை இன்னும் ஈரமா இருக்கும். வாங்க, கிழிப்போம்."

பையைக் கிழிக்க இன்ஜினியர் சம்மதிக்க வேண்டும். இன்ஜினியர் கெட்டவர் இல்லை. மேலேயிருந்தும் அடி, கீழேயிருந்தும் அடி வாங்கும் மத்தளம். கழுவி எடுத்த அழுக்கை மறுபடி தண்ணீரிலேயே போடுவதா, நாளைக்கு அதிகாரியை வைத்துக்கொண்டு இன்றைக்கா விளையாட்டு, மேலே கேட்டால் என்ன சொல்வது என்று அடுக்கினார். நடுவில் இரண்டு தும்மல் போட்டார். கண்ணாடி அண்ணன் அவள் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினார். நீங்களே சொல்லுங்கள் என்று அர்த்தம். நாலு பேர் சுற்றி நின்றார்கள். அவள் காது சூடானது.

"இன்னிக்குச் செய்யலைன்னா நாளைக்குத் தோக்கறது நிச்சயம் சார்," என்றாள். "செஞ்சா, நிச்சயம் இல்ல."

இன்ஜினியர் மூன்றாவது தும்மலுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை.

"கிழிங்க," என்றார். "கிழிச்சுட்டு என்கிட்ட கணக்குச் சொல்லுங்க. எத்தனை நிமிஷத்துல எவ்வளவு இறங்குதுன்னு."

பையைக் கிழித்ததும் செங்கல் நிறத்தில் சேறு வழிந்தது. கூழுக்கும் களிமண்ணுக்கும் நடுவில் ஒரு பதம். வாளி வாளியாகத் தூக்கினார்கள். சுண்ணாம்பு டிரம்மில் கொட்டி, கலக்கி, அங்கிருந்து டேங்குக்கு. முதலில் சேறு, அதில் சுண்ணாம்பு, அப்புறம்தான் சுரங்கத் தண்ணீர். குழாயில் செய்த அதே வரிசை. வெல்டர் வந்தார், எலக்ட்ரீசியன் வந்தார், காவலாளியும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்தார். கை கழுவாமல் யாரையும் டேங்க் படியில் ஏற விடாத மனிதர், தானே முழங்கை வரை சேறோடு முதல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்.

"அண்ணே, தலை வாரிக்க இனி எங்க போறது?" என்று வெல்டர் கேட்டார்.

"உனக்கு வாரறதுக்குத் தலையில என்ன இருக்கு? தூக்குடா வாளிய."

நாற்பது வாளிக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டார்கள். மதியம் ஒரு மணிக்குக் கண்ணாடி அண்ணனுக்கு யோசனை வந்தது. போட்ட சேறு டேங்கின் அடியில் தங்க ஆரம்பித்துவிட்டது. அதையே எடுத்து மறுபடி சுண்ணாம்பு டிரம்முக்கு அனுப்பினால் வாளி எதற்கு? கழுவும் பம்ப் இருக்கிறது. இத்தனை நாள் அடிச்சேற்றை உறிஞ்சிப் பைக்குத் தள்ளிய பம்ப். அதன் ஹோஸைப் பையிலிருந்து பிடுங்கி டிரம்முக்குள் விட்டு, கம்பியால் இறுக்கிக் கட்டினார். பத்து நிமிட வேலை. சேறு ஒரு வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது: டேங்கின் அடி, டிரம், டேங்க், மறுபடி அடி.

இரண்டு மணிக்குக் கலங்கல் முப்பத்தாறு. நாலு மணிக்கு இருபத்தேழு. அவள் சாம்பிள் பாட்டிலோடு ஓடும்போதெல்லாம் எல்லாருடைய தலையும் கூடவே திரும்பியது. ஆறு மணிக்குப் பதினாறு. சும்மா நில்லுங்கள், ஓடி விழுந்து பாட்டிலை உடைத்தால் எண் ஏறிவிடும் என்று எலக்ட்ரீசியன் சொன்னார். அவளால் சும்மா நிற்க முடியவில்லை. இன்ஜினியர் அவளை வலுக்கட்டாயமாக வீட்டுக்கு அனுப்பினார். நாளைக்கு ஆறு மணி நேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டும், இன்றைக்கே காலைத் தேய்த்துவிடாதே என்றார். எட்டு மணி எண்ணைத் தானே எடுத்துப் போன் செய்வதாகக் கண்ணாடி அண்ணன் வாக்குக் கொடுத்தார்.

வீட்டு வாசலில் அக்கா அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"என்னடி இது, சுரங்கத்துக்கு வேலைக்குப் போனியா, செங்கல் சூளைக்கா? அப்படியே கிணத்தடிக்குப் போ. உள்ள கால் வெச்சே, கொன்னுடுவேன்."

கிணறு வீட்டின் பின்னால் இருந்தது. நாலடிச் சுவர், கப்பியில் நைலான் கயிறு. மாமா இறைத்து ஊற்ற, அவள் கையைக் கழுவினாள். அவள் கழுவக் கழுவ மாமா கேள்வி கேட்டார். நாளைக்கு என்ன ஆகும், தேறுமா, தேறாவிட்டால் இந்தத் தண்ணீர் எத்தனை நாள். முப்பது நாள் என்று அவள் ஏற்கனவே சொல்லியிருக்கிறாள். மாமாவுக்கு அது மறக்கவில்லை. மறுபடி சொல்லும்போது குறையுமா என்று பார்க்கிறார், அல்லது கூடுமா என்று.

"லாரித் தண்ணி வரும் மாமா. தினமும் ஒரு வீட்டுக்குப் பத்துக் குடம்னு பேசிக்கறாங்க."

"பத்துக் குடம் உங்க அக்கா பாத்திரம் விளக்கவே காணாது."

அக்கா உள்ளேயிருந்து, காதில் விழுகிறது என்றாள். கிணற்றுச் சுவரில் வைத்த போன் அடித்தது. ஈரக்கையோடு எடுத்தாள்.

"ஒன்பது," என்றது கண்ணாடி அண்ணன் குரல். "கெமிஸ்ட்டம்மா, கேக்குதா? ஒன்பது. மீட்டரை ரெண்டு தடவை துடைச்சுப் பார்த்துட்டேன். ஒன்பதுதான்."

அவள் மாமாவின் கையைப் பிடித்துக் குதித்தாள். இருபத்து மூன்று வயதில், கிணற்றடியில், சோப்பு நுரையோடு. ஏழு மாதமாக வாயைத் திறக்காதவளுக்கு என்ன வந்தது என்று பார்க்க அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு டேங்கை யாரும் கழுவவில்லை. கண்ணாடி அண்ணன் ஐந்தே முக்காலுக்கே வந்து, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை தானாகப் போய் ஹோஸை எடுத்துவிடுமாம். ஆறு மணிப் புள்ளி ஏழு. எட்டு மணிக்கும் ஏழு. ரம்பத்துக்குப் பல் விழுந்துவிட்டது என்று அவர் சொன்னார்.

ஆய்வு அதிகாரி ஒரு நடுவயதுப் பெண்மணி. சொந்த மீட்டர், சொந்த பாட்டில், சொந்த நாற்காலி. இன்ஜினியர் நீட்டிய டீயை மரியாதையாக மறுத்தார். எட்டு மணிக்கு இரண்டாவது பம்பைப் போடச் சொல்லிப் பம்ப் அறைக்குப் போன் செய்தார்கள். குழாய்கள் ஒரு தடவை அதிர்ந்து அடங்கின. டேங்குக்குள் விழும் தண்ணீரின் சத்தம் இரண்டு மடங்காயிற்று. அரை மணிக்கு ஒரு சாம்பிள். அதிகாரி தன் மீட்டரில் ஒன்று பார்ப்பார். அவள் தன் மீட்டரில் ஒன்று பார்ப்பாள். ஏழு. ஏழு. ஏழேகால். பத்தரைக்கும் ஏழேகால்.

பதினொரு மணிக்கு எட்டு. பதினொன்றரைக்கு எட்டு புள்ளி ஒன்பது.

பத்துக்கு இன்னும் ஒரு படிதான். இரண்டரை மணி நேரம் பாக்கி. அவள் பதிவேட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டாள். இதே வேகத்தில் போனால் பன்னிரண்டே காலுக்குள் பத்தைத் தொட்டுவிடும். எங்கே தப்பு? சுண்ணாம்பு அளவு சரியாக இருந்தது. பில்டர் அழுத்தமும் சரி. அவள் படியேறி ஓடினாள். கண்ணாடி அண்ணன் ஏற்கனவே டேங்கின் பக்கவாட்டில் இருந்தார்.

டேங்கின் உடம்பில் மேலிருந்து கீழாக நாலு சின்னக் குழாய்கள் உண்டு. எந்த உயரத்தில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று திறந்து பார்க்க. காலையில் மேலே இருந்த இரண்டிலும் தெளிந்த தண்ணீர் வந்தது. இப்போது அவர் இரண்டாவதைத் திறந்தார். செங்கல் நிறத்தில் கொட்டியது.

"அடிச்சேத்து மெத்தை உசந்துடுச்சு," என்றார். "ரெண்டு பம்ப்ல, வர்ற சேறும் ரெண்டு மடங்கு. சுத்தி விடறோம், வெளிய விடலை. இன்னும் கொஞ்சம் உசந்தா மேல வழியும்."

அதுதான். சேறு இல்லாவிட்டாலும் கெடும், மிஞ்சினாலும் கெடும். ஆய்வுக்கூடத்து அளவுக்குழாயில் இது தெரியாது. குழாயில் அவள் ஆறு நிமிடம்தான் பார்த்தாள். டேங்க் ஒரு நாள் முழுக்க ஓடியிருக்கிறது. கொஞ்சம் வெளியே எடுக்க வேண்டும். எவ்வளவு? அவளிடம் அதற்குக் கணக்கு இல்லை. அதிகம் எடுத்தால் ஒன்பது நாள் பட்ட பாடு மறுபடி முதலிலிருந்து. குறைத்து எடுத்தால் பன்னிரண்டே கால். அவருக்கோ சேற்றை எடுப்பது என்றால் கடைசிச் சொட்டு வரை எடுப்பது என்றுதான் பழக்கம்.

"முழுசா எடுத்துடாதீங்கண்ணே," என்றாள். குரல் கெஞ்சியது.

"முடி வெட்டச் சொன்னா கழுத்தையா வெட்டுவேன்? தள்ளி நில்லுங்க."

அவர் ஹோஸை டிரம்மிலிருந்து எடுத்துப் பையில் விட்டார். ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். சேறு ஹோஸுக்குள் போகும் கனம் அந்தக் கையில் தெரியும். அவளுக்கு அவர் உதடு அசைவது மட்டும் தெரிந்தது, எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. நாலாவது நிமிடம் முடியும் முன்னே ஹோஸைப் பிடுங்கி டிரம்முக்குள் திருப்பிவிட்டார். இரண்டாவது குழாயைத் திறந்தார். மங்கலாக வந்து, தெளிந்தது. மூன்றாவதைத் திறந்தார். கெட்டியாகச் சேறு.

"மேல தெளிவு, கீழ மெத்தை. போதுமா?"

போதுமா என்று சொல்ல வேண்டியது மீட்டர். டேங்கிலிருந்து பில்டர் வழியாக வெளியே வர அரை மணிக்கு மேல் ஆகும். அதற்குள் பன்னிரண்டு மணிச் சாம்பிள் வந்தது. ஒன்பது புள்ளி நாலு. அதிகாரி எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் இல்லை. பன்னிரண்டரை. ஒன்பது புள்ளி ஏழு. இன்ஜினியர் எழுந்து வெளியே போனார். தும்மும் சத்தம் கேட்டது. கண்ணாடி அண்ணன் வாசலில், செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றார். இன்னும் ஒரு நிமிடம் எடுத்திருக்கலாமோ என்று அவர் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஒரு மணிச் சாம்பிளை எடுக்க அவள் நடந்துதான் போனாள். பாட்டிலை வெளியேறும் குழாயின் கீழே பிடித்தபோதே தெரிந்துவிட்டது. தண்ணீர் விழும் விதமே வேறாக இருந்தது. பாட்டிலின் அந்தப் பக்கம் இருந்த தன் ஐந்து விரலும், விரல் ரேகையும் தெரிந்தன. அங்கிருந்து ஓடி வந்தாள்.

"எட்டு புள்ளி ஒண்ணு," என்றார் அதிகாரி.

ஒன்றரைக்கு ஆறு புள்ளி எட்டு. இரண்டு மணிக்கு ஆறு.

அதிகாரி துத்தநாகத்துக்கான சாம்பிளில் மருந்தை விட்டு, நிறத்தை அட்டையோடு ஒட்டிப் பார்த்தார். விதி சொன்ன கட்டத்துக்கு இரண்டு கட்டம் முன்னாலேயே நின்றது. பேனாவை எடுத்துத் தாளில் கையெழுத்துப் போட்டார். பிறகு நிமிர்ந்து, பதினொன்றரைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அதை அனுமதி நிபந்தனையில் எழுத வேண்டும், எத்தனை நிமிடம், எத்தனை மணிக்கு ஒரு தடவை? அவள் கண்ணாடி அண்ணனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார்.

"நிமிஷம்னு எழுதாதீங்க மேடம்," என்றார் கண்ணாடி அண்ணன். "ரெண்டாவது குழாய்ல சேறு வந்தா எடுக்கணும், மூணாவதுல சேறு இருக்கறப்பவே நிறுத்தணும். அப்படி எழுதுங்க."

அதிகாரி அப்படியே எழுதினார்.

வெளியே யாரோ விசில் அடித்தார்கள். வெல்டராகத்தான் இருக்கும். இன்ஜினியர் அவள் கையைக் குலுக்கலாமா கூடாதா என்று யோசித்து, கடைசியில் மேசையைத் தட்டினார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் போன் அடித்தது. அவள்தான் பக்கத்தில் இருந்தாள், எடுத்தாள். பம்ப் அறைக்காரர். மணி இரண்டு தாண்டிவிட்டது, சோதனை முடிந்ததே, இரண்டாவது பம்பை நிறுத்திவிடலாமா என்று கேட்டார்.

"வேண்டாம்," என்றாள். "ரெண்டும் ஓடட்டும்."

"சரி. எது வரைக்கும்?"

"புது நிலையம் கட்டி முடிக்கற வரைக்கும்."

பம்ப் சத்தத்துக்கு மேலே அவர் குரலை உயர்த்தினார்.

"அதுக்கு ஒன்றரை வருஷம் ஆகும்னாங்களே?"

"ஆமா," என்றாள். போனை வைத்துவிட்டு, நாலு மணிச் சாம்பிளுக்குப் பாட்டிலைக் கழுவப் போனாள்.